அண்ணனுக்கு ஒரு வேலை – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அண்ணனுக்கு 41 வயது. அறிவுசார் குறைபாடு உள்ளவர், மூன்று வயதுக் குழந்தை மாதிரி. தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். அந்த இரண்டு நாளும் அவரை ஏதாவது இல்லத்தில் விட்டுவிடலாம் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். என்ன செய்ய? அப்பா இல்லை. அம்மாவுக்குப் பிறகு நான் அவருக்குச் சட்டப்படி பாதுகாவலர் ஆவது எப்படி?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பாதுகாவலர் விஷயத்துக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையில் ஒரு குழு இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது அந்த ‘மூன்று வயது’ மேல்தான். உங்கள் வீட்டு நல்லது கெட்டதையெல்லாம் 41 வருஷமாகப் பார்த்தவர், அப்பாவைப் பறிகொடுத்தவர், எப்படி மூன்று வயது ஆவார்? கணக்கு வராது, பொத்தான் போட ஆள் வேண்டும், சரி. தாடி நரைத்திருக்குமே? குழந்தை என்று சொல்லிவிட்டால் நமக்கு வசதி. குழந்தையிடம் யாரும் யோசனை கேட்பதில்லை, ஒரு வேலையையும் நம்பிக் கொடுப்பதில்லை. ‘தெய்வக் குழந்தை’ என்பதும் அதேதான், கொஞ்சம் விபூதி பூசியிருக்கிறது.

நான் பையனாக இருந்தபோது எங்கள் தெருவில் இப்படி ஒருவர், கடை கடையாக டீ கொண்டுபோய்க் கொடுப்பார். காசு எண்ணத் தெரியாது. கழுத்தில் ஒரு சுருக்குப் பை. குடித்தவர்களே காசைப் போட்டு, மீதியை எடுத்துக்கொள்வார்கள். யாரும் கூட்டம் போட்டுப் பேசிச் செய்த ஏற்பாடு இல்லை. ஊரைப் புகழவில்லை, அதே தெருதான் அவரை ஆடச் சொல்லிக் கைதட்டியது. ஒருநாள் நான் காசு போடுகிற சாக்கில் ஒரு நாலணாவை எடுத்துவிட்டேன். அவருக்கு எண்ணத்தான் தெரியாது, என் கை போன தினுசு தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து என்னைக் கண்டால் மட்டும் பையை இரண்டு கையாலும் பொத்திக்கொள்வார். காய்ச்சல் என்று அவர் வராத நாளில் தெருவே டீக்காகத் தவித்து ‘ஆளைக் காணோமே’ என்று தேடியது. உங்கள் அண்ணனை அப்படித் தேட ஒருவருக்கும் நீங்கள் காரணம் வைக்கவில்லை.

சமூகத்தில் வாழ்வது அவர் உரிமை என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 5ஆவது பிரிவு சொல்கிறது. அதை அத்தைமார்களிடம் வாசித்துக் காட்டிப் பயனில்லை. பந்தியில் அண்ணனைத் தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள். இலையில் கொட்டினால் கொட்டட்டும். கெட்டிமேளச் சத்தம் ஆகாதென்றால் அந்த நேரம் மட்டும் யாராவது வெளியே அழைத்துப் போங்கள்.

கல்யாணப் பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லையென்றால், பெரியப்பா இடத்தில் அவர் பெயரைப் போடுங்கள். போய்விட்டதென்றால் அதை எனக்கு எழுத வேண்டாம்.