உளவியல் இளங்கலை மாணவர்களுக்கு ஆய்வு அனுபவமும் வழிகாட்டியும்: கேள்வி பதில்

முதலாண்டு மாணவி: வகுப்புக்கு வெளியே எதைச் செய்தால் பயன் உண்டு?

ஓர் ஆய்வுக்குழுவில் சேர்ந்து ஓராண்டாவது நிலைத்திருங்கள். தொடக்கத்தில் பங்கேற்பாளர்களுக்கு நேரம் ஒதுக்குவது, ஒப்புதல் படிவங்களை விளக்குவது, பதிவு செய்த உரையாடல்களைக் கேட்டு அவற்றில் வெளிப்படுவதை வகைப்படுத்திக் குறியீடு செய்வது போன்ற சலிப்பூட்டும் பணிகளே கிடைக்கும். ஆனால் ஒரே காணொளியை இருவர் தனித்தனியாகக் குறியீடு செய்து, இருவரின் குறியீடுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் ‘கோஹனின் கப்பா’ என்ற எண் மிகக் குறைவாக வருவதைக் காணும்போதுதான், ‘கோபம்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் ஒன்றை வரையறுப்பது எவ்வளவு கடினம் என்பது புரியும்.

இணையச் சான்றிதழ் படிப்புகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

எதையும் அவசரமாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஆய்வுக்குழுவில் உங்களைச் சேர்ப்பவர் நீங்கள் செய்து முடித்த வேலையைத்தான் பார்ப்பார்.

பேராசிரியருக்கு எப்படி எழுதுவது?

அவருடைய கட்டுரை ஒன்றை முழுமையாகப் படித்து, அதிலிருந்து எழுந்த உண்மையான கேள்வி ஒன்றையும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தர முடியும் என்பதையும் சில வரிகளில் எழுதுங்கள். பத்துப் பேருக்கு அனுப்பிய ஒரே மடல் முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

வழிகாட்டியிடம் எதை எதிர்பார்க்கலாம்?

பணியிட வழிகாட்டுதலை ஆராய்ந்த கேத்தி கிராம், 1980களில் அதன் பணிகளை இரண்டாக வகுத்தார். வாய்ப்புகளை அறிமுகப்படுத்துவது, சவாலான வேலையை ஒப்படைப்பது போன்றவை தொழில் சார்ந்தவை. ஏற்பு, ஊக்கம், முன்மாதிரியாக இருத்தல் ஆகியவை உளச்சமூகம் சார்ந்தவை. இரண்டும் ஒருவரிடமே கிடைக்கும் என்று காத்திருப்பவர்கள் ஏமாறுகிறார்கள். முறையியலுக்குப் பேராசிரியர், அன்றாடச் சிக்கல்களுக்கு முனைவர் பட்ட மாணவர், துணிவூட்டச் சக மாணவர் எனச் சிலரைக் கொண்டிருப்பதே நடைமுறைக்கு உகந்தது. ஆனால் உங்கள் வழிகாட்டி உங்களுக்கு உளச்சிகிச்சையாளர் ஆகக் கூடாது. மதிப்பெண் வழங்குபவரே சிகிச்சையும் அளிக்கும் இரட்டை உறவைத் தொழில்முறை நெறிகள் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

மூன்றாமாண்டு மாணவர்: ஆய்வேட்டுக்குப் புதிய கருத்து எதுவும் தோன்றவில்லை.

வெளியான ஆய்வு ஒன்றை மீண்டும் செய்து பாருங்கள். இளங்கலை மாணவர்கள் இவ்வாறு செய்யும் ஆய்வுகளைத் தொகுப்பதற்கென்றே 2013இல் கிரெப் என்னும் கூட்டுத்திட்டம் தொடங்கப்பட்டது. மாதிரியின் அளவை முன்னரே கணக்கிட்டு, கருதுகோளையும் பகுப்பாய்வு முறையையும் தரவு திரட்டுவதற்கு முன் பொதுத்தளத்தில் பதிவு செய்யப் பழகுவீர்கள்.

மற்றொருவர்: பழைய ஆய்வைத் திரும்பச் செய்வது வெறும் நகலெடுப்பு அல்லவா? மாணவரின் சொந்தச் சிந்தனைக்கு அதில் என்ன இடம்?

இந்தக் கருத்தோடு நான் கடுமையாக முரண்படுகிறேன். 2015இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான பெருங்கூட்டு முயற்சியில் உளவியல் ஆய்வுகள் 100 மீண்டும் செய்யப்பட்டன. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் முக்கியத்துவம் பெற்ற, அதாவது தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத, முடிவுகளைக் காட்டியிருந்தன. மறுசெய்கையில் அது 36 விழுக்காடாகச் சுருங்கியது. நகலெடுப்பால் இத்தகைய கேள்வி எழுந்திருக்காது. வேறு மொழி பேசுவோருக்கு ஒரு கேள்விப்பட்டியலைப் பொருத்தும்போது எது மாறலாம், எது மாறக் கூடாது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறதே, சிந்தனைக்கு அதைவிடப் பெரிய இடம் எங்கே இருக்கிறது?

அதே நபர்: மறுசெய்கை தோற்றால், அது மாணவரின் திறமைக் குறைவாகவும் இருக்கலாமே?

இருக்கலாம். 2016இல் உளவியலாளர் டேனியல் கில்பர்ட் முதலானோர் அந்தப் பெருமுயற்சியின் மீது வைத்த விமர்சனத்தில் ஒரு பகுதி, மறுசெய்கைகள் மூல ஆய்வின் நடைமுறையிலிருந்து விலகின என்பதே. ஆனால் பல ஆய்வகங்கள் சேர்ந்து நடத்தி 2020இல் வெளியான ‘மெனி லேப்ஸ் 5’ ஆய்வில், நடைமுறையை வல்லுநர்கள் முன்கூட்டியே சீராய்ந்து திருத்திய பிறகும் முடிவுகள் குறிப்பிடத்தக்க அளவு மேம்படவில்லை. ஆகவே தோல்வி முழுவதையும் மறுசெய்தவர் தலையில் சுமத்த முடியாது. இருந்தாலும் உங்கள் ஐயத்துக்கு ஒரு பயன் உண்டு: மூல ஆசிரியரிடம் கருவிகளைக் கேட்டுப் பெறுங்கள், செய்முறையின் ஒவ்வொரு படியையும் எழுதி வையுங்கள், நேர்ந்த விலகல்களை மறைக்காமல் அறிக்கையில் சேருங்கள்.

விலைகொடுத்து வாங்கும் புள்ளியியல் மென்பொருள் கட்டாயமா?

இல்லை. ஜாஸ்ப், ஜமோவி, ஆர் மூன்றும் இலவசம். பொறுமை உள்ளவர் ‘ஆர்’ என்னும் நிரல்மொழியைக் கற்கலாம்.

தரவைக் குறியீடு செய்தேன். கட்டுரையில் என் பெயர் வருமா?

அந்த வேலை மட்டும் என்றால் பொதுவாக நன்றியுரையில் வரும். ஆய்வு வடிவமைப்பிலோ பகுப்பாய்விலோ எழுத்திலோ கணிசமான பங்கு இருந்தால் ஆசிரியர் வரிசையில் இடம் கேட்கலாம். அதையும் கட்டுரை முடிந்த பிறகன்று, வேலை தொடங்கும்போதே பேசிவிடுங்கள்.

ஆலோசனைத் துறையில் சான்றிதழ் இருந்தால் பயிற்சி கிடைக்குமா?

சான்றிதழைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். கேட்பவர்கள் முந்தைய பதில்களையும் படிக்க வேண்டுகிறேன். சில வாரப் படிப்பை நம்பி யாரும் தனியாக ஆலோசனை வழங்கக் கூடாது. முறையான பயிற்சியும் மேற்பார்வையும் தரும் உதவித்தொலைபேசிச் சேவையில் தன்னார்வலராகச் சேருங்கள். மேற்பார்வையாளர் யார் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாத அமைப்பிலும், பயிற்சி இடத்துக்குப் பணம் கேட்கும் அமைப்பிலும் சேர வேண்டாம்.

எனக்கே பல மாதங்களாக மனம் சோர்ந்திருக்கிறது. என்ன செய்வது?

இதற்குப் பொதுவிடத்தில் பதில் சொல்வது முறையாகாது. கல்லூரியின் ஆலோசகரையோ மருத்துவரையோ இந்த வாரமே பாருங்கள். ஆய்வு வாய்ப்புகள் காத்திருக்கும்.

பரிந்துரைக் கடிதத்தை எப்போது கேட்பது?

கடைசி நாளுக்கு ஒரு மாதமாவது முன்பு. ‘எனக்கு வலுவான கடிதம் எழுத முடியுமா?’ என்று நேரடியாகக் கேளுங்கள். தயங்குகிறார் என்றால் நன்றி கூறிவிட்டு, உங்கள் வேலையை அருகிலிருந்து பார்த்த வேறொருவரை அணுகுங்கள்.