பதில் சொல்லாமல் உடனிருத்தல்

அன்புள்ள ஐயா,

ஈரோடு பக்கம் விசைத்தறி வைத்திருக்கிறேன். என் இளைய மகளுக்கு 23 வயது, எம்.எஸ்ஸி. முடித்திருக்கிறாள். மூத்தவள் பிரசவத்துக்கு வந்ததிலிருந்து, அக்காவின் குழந்தையைத் தான் ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் இவளை வாட்டுகிறது. "நான் பாப்பாவ ஒண்ணும் பண்ணலையே?" என்று என் மனைவியிடம் நாள் முழுக்கக் கேட்கிறாள். "மாரியம்மன் சத்தியமா நீ ஒண்ணும் பண்ணல" என்று சொன்னால்தான் அடுத்த வேலைக்குப் போகிறாள். பயந்துபோய் அரிவாள்மனையையும் கத்திகளையும் ஒளித்து வைத்துவிட்டோம், குழந்தையை அவளிடம் கொடுப்பதில்லை. மனநல மருத்துவர் இதை ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணங்கள் விடாமல் வந்து ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோய், என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். மூன்று வாரமாகியும் மாற்றமில்லை. ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டியிருக்குமா? யோகா, தியானம் போதாதா? வரன் பார்க்கிறோம். மாப்பிள்ளை வீட்டாரிடம் இதைச் சொல்லத்தான் வேண்டுமா?

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் கேள்வியாகக் கேட்காமல், போகிற போக்கில் எழுதிச் சென்ற ஒரு வரிக்காகவே இந்தப் பதிலை எழுதுகிறேன். உங்கள் மனைவி மாரியம்மன்மேல் சத்தியம் செய்து மகளைத் தேற்றுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். சென்ற மாதம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் என் பெரியம்மாவைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, வீட்டார் அன்பினால் சொல்லும் இத்தகைய பதில்களைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாத்திரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஓசிடிக்குக் கொடுக்கப்படும் ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்துகளை மூன்று வாரத்தில் எடைபோட முடியாது. போதுமான டோஸை எட்டிய பிறகு 8 முதல் 12 வாரம் வரை பொறுத்திருந்துதான் ஒரு மருந்து கேட்கிறதா இல்லையா என்று மருத்துவர்கள் முடிவெடுக்கிறார்கள். அந்த டோஸும் மனச்சோர்வுக்குத் தருவதைவிடப் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும், ஆகவே மருத்துவர் டோஸை உயர்த்தினால் நோய் முற்றிவிட்டது என்று கலங்க வேண்டாம். தொடக்க வாரங்களில் தூக்கம் கெட்டாலோ, படபடப்பு கூடினாலோ, செத்துப்போகலாம் என்ற பேச்சு வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். குணம் தெரிந்த பிறகும் ஓரிரு ஆண்டுகளாவது தொடர்ந்து கொடுத்து, அதன்பின் மெல்லக் குறைப்பதே வழக்கம். சிலருக்கு அதற்கு மேலும் தேவைப்படும். ஆயுள் முழுக்கவா என்று மூன்றாவது வாரத்தில் கேட்பதால் யாருக்கும் பயனில்லை. யோகாவை விருப்பமிருந்தால் செய்யட்டும், ஆனால் அது சிகிச்சை ஆகாது.

உங்கள் மகள் எவ்வளவு பெரிய துயரத்தில் இருக்கிறாள் என்பது உங்களுக்கு முழுக்கப் புரிந்திருக்கிறதா என்று தெரியவில்லை. எதைத் தன் வாழ்நாளில் செய்யவே கூடாது என்று அவள் நினைக்கிறாளோ, அதுவே அவள் மனத்தில் வந்து நின்று அவளை மிரட்டுகிறது. குழந்தைமேல் உயிராக இல்லாதவளை இந்த எண்ணம் இப்படி உலுக்காது. 1978இல் உளவியலாளர் ஸ்டான்லி ராக்மனும், இலங்கையில் பிறந்து லண்டனில் பணியாற்றிய உளவியலாளர் பத்மல் டி சில்வாவும் எந்த நோயும் இல்லாத சாதாரண மனிதர்களிடம் விசாரித்தபோது, அவர்களில் பெரும்பாலோர் தங்களுக்கும் இப்படிப்பட்ட வேண்டாத எண்ணங்கள் வருவதுண்டு என்று சொன்னார்கள். மாடி விளிம்பில் நிற்கையில் குதித்துவிடுவோமோ என்று ஒரு கணம் தோன்றுவதும், கைக்குழந்தையோடு படியிறங்குகையில் கை நழுவவிட்டுவிடுவோமோ என்று திடுக்கிடுவதும் உங்களுக்கும் எனக்கும் வருபவைதான், வந்த வேகத்தில் அவை போய்விடுகின்றன. ஓசிடி உள்ளவருக்கோ அந்த எண்ணம் தன்னுடைய குணத்தைப் பற்றிய தீர்ப்பாகவே தங்கிவிடுகிறது.

அப்படித் தவிக்கும் பெண்ணிடமிருந்து அரிவாள்மனையை ஒளித்து வைத்தீர்கள் என்று படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. தான் ஆபத்தானவளோ என்று அவள் தன்னையே கேட்டுக் கேட்டுச் செத்துக்கொண்டிருக்கையில், பெற்ற தகப்பன் கத்தியை எடுத்து மறைத்தால், அவள் அதை என்னவென்று எடுத்துக்கொள்வாள்? மருத்துவர் நோயின் பெயரைச் சொன்ன பிறகும் அவை பீரோவுக்குள்ளேயே இருக்கின்றன என்றால், மாத்திரையைக் குறை சொல்ல உங்களுக்கு நியாயமில்லை. அடுத்த முறை போகும்போது இதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, அவர் சம்மதத்தோடு எல்லாவற்றையும் அடுப்படிக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

என் பெரியப்பா அரிசி மண்டி வைத்திருந்தார். இரவு மண்டியைப் பூட்டிவிட்டு டிவிஎஸ் 50இல் வீட்டுக்கு வருவார். வண்டியை நிறுத்திய உடனே அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். "மதகுகிட்ட வளைவுல யாரையோ இடிச்சுட்டேன்னு தோணுது, போய்ப் பாத்துட்டு வா" என்பார். பெரியம்மா ஒரு வார்த்தை பேசாமல் எவரெடி டார்ச்சை எடுத்துக்கொண்டு வாய்க்கால் மதகுவரை நடந்து, இரண்டு பக்கப் பள்ளத்திலும் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "ஒருத்தரும் இல்லைங்க, ரோடு சுத்தமா இருக்கு" என்பார். அதன்பிறகே அவர் கை கழுவிச் சாப்பிட உட்காருவார். சில நாட்களில் பாதிச் சாப்பாட்டில் மறுபடியும் சந்தேகம் வரும், மறுபடியும் டார்ச். மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஊரே பெரியம்மாவின் பொறுமையைப் புகழ்ந்தது. ஆரம்பத்தில் மதகு மட்டும்தான், பிறகு ரைஸ்மில் திருப்பம், அதன்பின் பள்ளிக்கூட வாசல் என்று அவர் பார்க்க வேண்டிய இடங்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போயின.

ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் திருச்சியில் ஒரு மருத்துவரிடம் பெரியப்பாவை அழைத்துப்போனார்கள். குளோமிப்ரமின் என்ற மாத்திரை கொடுத்தார்கள். நாக்கு வறண்டுபோகிறது என்று பெரியப்பா முனகினாலும் நிறுத்தவில்லை, சில மாதங்களில் ஓரளவு தெளிவும் வந்தது. ஆனால் டார்ச் நிற்கவில்லை. மருத்துவர் பெரியம்மாவையும் உட்காரவைத்து, இருவர் சம்மதத்தையும் வாங்கிக்கொண்டு, இனி மதகுக்குப் போகவும் கூடாது, பதில் சொல்லவும் கூடாது என்றார். அன்றிரவு பெரியப்பா கேட்டபோது பெரியம்மா, "டாக்டர் இதுக்கு பதில் சொல்லக் கூடாதுன்னுட்டாருங்க. நான் உங்க பக்கத்துலயே உக்காந்திருக்கேன்" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பெரியப்பா கெஞ்சினார், பிறகு வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார், பனியன் முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். நேரம் போகப் போகப் பெரியப்பாவின் மூச்சு சீரானது. ஆறிப்போன இட்லியைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். அடுத்தடுத்த வாரங்களில் அந்தத் தவிப்பு அடங்க ஆகும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. சந்தேகம் கடைசிவரை அவரை முழுமையாக விட்டுப் போகவில்லை என்றாலும், அதைத் தூக்கிக்கொண்டே மண்டிக்குப் போய்வரவும், பேரன் பேத்திகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகவும் அவரால் முடிந்தது.

சொறியச் சொறிய அரிப்பு கூடுவதைப் போன்றதுதான் இந்த ஆறுதலும். சத்தியம் செய்தவுடன் உங்கள் மகளுக்குக் கிடைக்கும் நிம்மதி உண்மையானது. ஆனால் அந்த நிம்மதியிலிருந்து அவள் மூளை கற்றுக்கொள்வது, அம்மாவின் சத்தியம் இல்லாமல் இந்தப் பயத்தைத் தாங்க முடியாது என்பதை மட்டும்தான். அடுத்த சந்தேகம் இன்னும் சீக்கிரம் வரும், இன்னும் பெரிய சத்தியத்தைக் கேட்கும். இந்தச் சுழலை உடைக்கும் சிகிச்சைக்கு எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் ப்ரிவென்ஷன், சுருக்கமாக ஈஆர்பி, என்று பெயர். பயப்படும் விஷயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ள வேண்டும், எதிர்கொண்ட பிறகு வழக்கமாகச் செய்யும் கழுவுதல், சரிபார்த்தல், கேட்டல் எதையும் செய்யாமல் பொறுத்திருக்க வேண்டும். 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், நீண்டகாலமாகத் தீராத இரண்டு நோயாளிகளை மருத்துவமனையில் வைத்து, அவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களைச் செவிலியர்களின் துணையோடு தடுத்துக் குணமடையச் செய்ததை எழுதினார். இன்றைய ஈஆர்பிக்கு அங்கிருந்துதான் தொடக்கம். செவிலியர்கள் அங்கே செய்ததைத்தான் வீட்டில் உங்கள் மனைவி செய்ய வேண்டியிருக்கிறது, அவருக்கு யாரும் அதைச் சொல்லித்தரவில்லை என்பதே என் வருத்தம்.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலையிலேயே மகளிடம் பேச்சை நிறுத்திவிடாதீர்கள். முன்னறிவிப்பில்லாமல் பதிலை நிறுத்துவது தண்டனையாகத்தான் அவளுக்குப் படும். அவளும் சம்மதித்து, எந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லாமல் இருப்பது என்று அவளே தேர்ந்தெடுத்து, பயிற்சி பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டிய வேலை இது. கவுன்சலிங் என்று பலகை மாட்டிய எல்லோருக்கும் இது தெரியாது. சிலர் தாங்களே மணிக்கணக்கில் ஆறுதல் சொல்லி நோயை வளர்த்துவிடுவதும் உண்டு. கிளினிக்கல் சைக்காலஜியில் எம்.ஃபில். முடித்து முறையாகப் பதிவுசெய்தவரா, ஈஆர்பி செய்வாரா என்று கேட்டுவிட்டுப் போங்கள். பக்கத்தில் கிடைக்காவிட்டால் பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் ஓசிடிக்கென்றே தனி கிளினிக் இருக்கிறது. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

வரன் விஷயத்தை விட்டுவிடலாம் என்று பார்த்தேன், மனம் கேட்கவில்லை. கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் ஓசிடி தீவிரமாவதுண்டு. மறைத்துக் கட்டிக்கொடுத்த வீட்டில், மாமியார் கண்ணில் படாமல் மாத்திரையைப் புடவை மடிப்பில் ஒளித்து வைத்துக்கொண்டு, ஒரு நாள் அதையும் நிறுத்திவிட்டு, தன் சொந்தக் குழந்தையின் முன்னால் இதே எண்ணத்தோடு தன்னந்தனியாக அவள் நிற்க வேண்டும் என்பதா உங்கள் விருப்பம்? சொன்னதும் எழுந்து போகிற மாப்பிள்ளை போகட்டும். இப்போதைக்கு ஜாதகக் கட்டை எடுத்து உள்ளே வையுங்கள். அவள் தேறட்டும், எப்போது, யாரிடம், எவ்வளவு சொல்வது என்பதை அவள் முடிவு செய்வாள்.

அடுத்த சந்திப்புக்கு நீங்கள் மட்டும் போகாமல் உங்கள் மனைவியையும் அழைத்துப்போங்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை சத்தியம் செய்கிறார் என்பதை அவர் வாயால் மருத்துவர் கேட்கட்டும். அப்படியே, அக்கா குழந்தையைக் குளிப்பாட்டும் வேலையை அவளிடம் எப்போது, எந்தப் படியிலிருந்து தொடங்கிக் கொடுக்கலாம் என்றும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.