முன்னணிக் கலை இயக்கங்களைக் குழப்பமின்றிப் படிப்பது எப்படி?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் கலை வரலாற்றைப் பட்டப்படிப்புப் பாடமாகப் பயில்கிறேன். கியூபிசம், எதிர்காலவாதம், டாடா, சர்ரியலிசம் ஆகியவற்றை எவ்வளவு மனனம் செய்தாலும் பரீட்சையில் அவை ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. மூலப் படைப்புகளை நேரில் காண வழியில்லாத இடத்திலிருந்து இவற்றை எவ்வாறு படிப்பது?

பதில்: பெயர், ஆண்டு, ஓவியர், பண்புகள் என்ற வரிசையில் குறிப்பெடுப்பதே இக்குழப்பத்துக்குக் காரணம் எனக் கருதுகிறேன். 'மரபை மீறியது', 'வடிவங்களைச் சிதைத்தது' போன்ற பண்புகள் எல்லா இயக்கங்களுக்கும் பொருந்திவிடும். ஆகவே ஒவ்வோர் இயக்கத்திலிருந்தும் ஒரு படைப்பையோ அறிக்கையையோ மட்டும் எடுத்துக்கொண்டு, அது எங்கே, எவர் முன், எதை மறுத்து வைக்கப்பட்டது என்று விசாரியுங்கள்.

1917இல் நியூயோர்க்கில், கட்டணம் செலுத்திய எவரது படைப்பையும் ஏற்பதாக அறிவித்த ஒரு கலைஞர் சங்கத்தின் கண்காட்சிக்கு, கடையில் வாங்கிய சிறுநீர்க் கலம் ஒன்றை 'ஆர். மட்' என்று ஒப்பமிட்டு மார்செல் டுஷாம்ப் அனுப்பினார். சங்கம் அதனைக் காட்சிக்கு வைக்க மறுத்தது. டாடாவோடு சேர்த்துப் பயிலப்படும் இப்படைப்பு தொடுக்கும் வழக்கு ஓவியம் தீட்டும் முறையைப் பற்றியதன்று. எது கலை, அதைத் தீர்மானிப்பவர் யார் என்பதைப் பற்றியது. பிக்காசோவும் பிராக்கும் கியூபிசத்தில் தொடுத்த வழக்கோ, ஓரிடத்தில் நின்று பார்ப்பதுபோல வரையும், மறுமலர்ச்சிக் காலம் முதல் ஆண்டுவந்த ஒற்றைப் பார்வைக்கோணத்தின் மீது. அவர்கள் அறிக்கை எதனையும் வெளியிடவில்லை. 1909 பெப்ரவரி 20இல் பாரிஸின் 'லெ ஃபிகாரோ' முதற்பக்கத்திலேயே வேகத்தையும் இயந்திரத்தையும் போற்றும் எதிர்காலவாதத்தைப் பிரகடனம் செய்த இத்தாலியக் கவிஞர் மரினெட்டியோடு இதனை ஒப்பிட்டால், இரண்டும் மீண்டும் கலக்கமாட்டா.

மூலப் படைப்புகளைப் பற்றிய உங்கள் மனக்குறை நியாயமானது; ஆயினும் அதன் அளவு இயக்கத்துக்கு இயக்கம் வேறுபடும். டுஷாம்பின் அந்தக் கலம் தொலைந்துபோயிற்று. பாரிஸில் படிப்பவரும் ஒளிப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸ் எடுத்த ஒளிப்படத்தின் வழியாகவே அதனை அறிகிறார். 1915இல் பெட்ரோகிராட்டில் ஓவியர் மாலெவிச் தமது 'கறுப்புச் சதுரத்தை' அறையின் மேல் மூலையில் தொங்கவிட்டதையும் கண்காட்சி ஒளிப்படமே காட்டுகிறது. ருஷ்ய வீடுகளில் அம்மூலை, நம் வீட்டுச் சாமியறையைப் போல, திருவுருவப் படங்களுக்கு உரியது. அதனை அறியாமல் அந்தச் சதுரத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அதன் துணிவு விளங்காது. கியூபிசத்துக்கு மட்டும் பருமனும் பரப்பும் இன்றியமையாதவை. பிக்காசோ 1907இல் வரைந்த 'அவிஞ்ஞோன் பெண்கள்' ஏறத்தாழ 244 சென்ரிமீற்றர் உயரமும் 234 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டது. அந்த அளவைச் சுவரில் சுண்ணக்கட்டியால் குறித்து, அதன் முன் நின்றுகொண்டு கையிலுள்ள பிரதியைப் பாருங்கள்.

இதே விசாரணையை இலங்கைக்கும் கொண்டுவாருங்கள். 1943இல் கொழும்பில் உருவான '43 குழு', இலங்கைக் கலைச் சங்கத்தின் கல்விக்கழகப் பாணியை, அதாவது கலைப்பள்ளிகள் கற்பித்த மரபு முறையை, மறுத்தே எழுந்தது. அதன் உறுப்பினரான ஓவியர் ஜோர்ஜ் கீற்றைப் பிக்காசோவின் நிழல் என்று ஒதுக்குவோரை நான் ஏற்பதில்லை. கியூபிசக் கோட்டோடு இந்தியச் சிற்ப மரபையும் இணைத்தவர் அவர். பிக்காசோவும் ஆபிரிக்க முகமூடிகளிடம் கடன்பட்டவரே. கீற்றின் சுவரோவியங்கள் பொரளை கோதமி விகாரையில் உள்ளன. 43 குழுவினரின் மூல ஓவியங்களை, அக்குழுவின் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த இல்லமான கொழும்புச் சபுமல் நிறுவனத்தில் காணலாம். ஒருமுறை சென்று, தூரிகைத் தடங்களைக் கிட்ட நின்று பார்த்து, கையால் பிரதி வரையுங்கள். பின்னர் யாழ்ப்பாணத்தில் நவீன ஓவியத்தை மாணவர் பலருக்கும் கற்பித்த ஓவியர் மாற்குவின் படைப்புகளுக்கு வந்து, அவர் எதை மறுத்தார், எதை வைத்துக்கொண்டார் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். பரீட்சை விடையையும் இவ்வாறே, அந்த வழக்கிலிருந்து தொடங்குங்கள். ஆண்டும் பெயரும் அதனுள் தாமாகவே இடம்பெறும்.