லிவர் நட்டை விட்டுவிடுங்கள்

கேள்வி: ஹேண்ட் பிரேக் லூஸாக இருந்ததால் லிவருக்கு அடியில் உள்ள நட்டை இறுக்கினேன். இப்போது இரண்டே கிளிக்கில் பிடிக்கிறது. ஆனால் கொஞ்ச தூரம் ஓடினாலே பின் சக்கரங்கள் சூடாகி, கருகல் வாடை அடிக்கிறது. பின்னால் டிரம் பிரேக்தான். புது ஷூ வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம், முதலில் அந்த நட்டைத் தளர்த்துங்கள். எதற்கெடுத்தாலும் அந்த நட்டில் ஸ்பானர் வைக்கிற பழக்கத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். சில மெக்கானிக்குகளும் இதையேதான் செய்து காசு வாங்குகிறார்கள்.

சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிப்பது ஷூ. அதன் மேல் ஒட்டிய உராய்வுப் பட்டையான லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடும், லிவரும் மேலே மேலே வரும். இடைவெளியைக் குறைப்பது டிரம்முக்குள் இருக்கும் அட்ஜஸ்டரின் வேலை. அதை விட்டுவிட்டு லிவர் நட்டை இறுக்கிக் கேபிளை இழுத்தால், உள்ளே ஷூவைத் தள்ளும் நெம்புகோல் தன் இடத்துக்குத் திரும்பாது. ஷூ உரசிக்கொண்டே இருக்கும். பல வண்டிகளில் தானாகச் சரிசெய்துகொள்ளும் அமைப்பும் அதோடு படுத்துவிடும்.

முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். கேபிளை முழுக்கத் தளர்த்திவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றும்போது லேசாக உரசும் சத்தம் கேட்கிற வரை அட்ஜஸ்டரைத் திருப்பி, பிறகு சக்கரம் தடையில்லாமல் சுழலும் அளவுக்குச் சற்றுத் தளர்த்துங்கள். கால் பிரேக்கைச் சில தடவை அழுத்தினால் ஷூ நடுவில் உட்காரும். அப்புறம் மறுபடி சுற்றிப் பாருங்கள். கேபிளை இறுக்குவது கடைசியில்தான். எத்தனை கிளிக் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். லிவரை இறக்கியதும் சக்கரம் தடையில்லாமல் சுழல வேண்டும். டிரம்மைக் கழற்றிப் பார்க்கும்போது லைனிங் தேய்ந்து மெலிந்தோ, கண்ணாடி மாதிரி பளபளவென்றோ, வெடித்தோ இருந்தால் புது ஷூ வாங்குங்கள்.

கேள்வி: அட்ஜஸ்ட் செய்த பிறகு ஒரு பக்கம் மட்டும்தான் பிடிக்கிறது.

பதில்: பிடிக்காத பக்கத்துக் கேபிள் உறைக்குள் துருவேறி இறுகியிருக்கலாம். இன்னொருவர் லிவரை இழுத்து விடட்டும், கேபிள் நகர்கிறதா என்று நீங்கள் பாருங்கள். நகர்ந்தால் டிரம்மைக் கழற்றுங்கள். லைனிங்கில் எண்ணெய் பட்டிருந்தால், கசிவை அடைத்த பிறகே புது ஷூ. இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

கேள்வி: லிவரை முழுதாக இறக்கியும் சிவப்பு விளக்கு அணையவில்லை. ஓட்டலாமா?

பதில்: ஓட்டாதீர்கள். பல வண்டிகளில் பிரேக் ஆயில் குறைந்தாலும் அதே விளக்குதான் எரியும். ஆயில் அளவு சரியாக இருந்தால் லிவர் சுவிட்சைப் பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் பாதி விலைக்கு பிரேக் ஷூ கிடைத்தது. பில் இல்லை. மாட்டிய பிறகு சரிவில் வண்டி நிற்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: கழற்றி எறியலாம். நான் முன்பு வாங்கிய மலிவு ஷூவில் லைனிங் இரும்பிலிருந்து தோசை மாதிரி உரிந்து வந்தது. அதற்காவது பில் இருந்தது, பணம் திரும்பி வந்தது. பாகத்தின் எண்ணையும் பார்க்காமல், பில்லும் கேட்காமல், பிரேக்கில் போய் மிச்சம் பிடித்துவிட்டு என்னிடம் என்ன கேட்கிறீர்கள்?

கேள்வி: ஷூ, கேபிள் எல்லாம் மாற்றியதாகச் சொல்லிப் பெரிய தொகை வாங்கினார்கள். லிவர் இன்னும் உச்சி வரை வருகிறது. பழைய பாகங்களைக் கேட்டால் "அப்பவே குப்பையில போட்டாச்சு" என்கிறார்கள். பழைய வண்டி என்றால் இப்படித்தானாம்.

பதில்: இல்லை, உங்களை நன்றாகவே ஏமாற்றியிருப்பார்கள் போலிருக்கிறது. சரியாகப் பொருத்திய பிரேக்குக்கு வண்டியின் வயது ஒரு சாக்கே இல்லை. அவர்கள் மறுபடி வண்டியைத் தொடும் முன், வேறு ஒரு ஒர்க்‌ஷாப்பில் டிரம்மைக் கழற்றச் சொல்லுங்கள். ஷூவும் கேபிளும் புதுசா பழசா என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். படம் எடுத்து, பார்த்ததை அந்தப் புது ஒர்க்‌ஷாப்பிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் பழைய இடத்தில், எந்தப் பாகம், என்ன எண், கூலி எவ்வளவு என்று பிரித்த பில் கேட்டு எழுத்திலேயே புகார் கொடுங்கள். மசியவில்லை என்றால் இந்தக் காகிதங்களோடு நுகர்வோர் குறைதீர் அமைப்புக்குப் போங்கள். இனி எங்கே வண்டியை விட்டாலும், பழைய பாகம் வேண்டும் என்று சாவி கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பட்டனை இழுக்கும் எலெக்ட்ரிக் ஹேண்ட் பிரேக். பின் டிஸ்க் பேட் மாற்ற, பேடைத் தள்ளும் பிஸ்டனைக் கிளாம்ப் போட்டு அழுத்தினேன். இப்போது கடகடவென்று சத்தம்.

பதில்: பேட் மாற்றுவதற்காக பிரேக் மோட்டாரைப் பின்வாங்க வைக்கும் சர்வீஸ் மோடில் போடாமல் அழுத்தியிருந்தால் உள்ளே உடைந்திருக்கலாம். இனி பட்டனைத் தொடாமல், பிஸ்டன் இருக்கும் கேலிபரை ஒர்க்‌ஷாப்பில் காட்டுங்கள்.

கேள்வி: இந்தத் தொல்லையே வேண்டாம் என்று கியரில் போட்டு நிறுத்திவிடுகிறேன். போதாதா?

பதில்: போதாது.