இரவுச் சோற்றை விட்டும் எடை குறையாதது ஏன்?

இரவில் சோற்றை விட்டுச் சப்பாத்தி சாப்பிட்டும் எடை குறையவில்லையே, ஏன் என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். சோற்றுக்குப் பதில் சப்பாத்திக்கு மாறியதால் மட்டும் எடை குறையாது. 100 கிராம் அரிசியிலும் அதே அளவு கோதுமை மாவிலும் ஏறக்குறைய 350 கலோரி இருக்கிறது, சுடும்போது விடும் எண்ணெயோ தேக்கரண்டிக்கு 45 கலோரியைக் கூட்டிவிடுகிறது.

நாளுக்கு ஐந்து முறை பால் தேநீர் குடிப்பதாகவும் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்; அதுதான் எனக்கு உறுத்துகிறது. 100 மில்லி பாலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையும் சேர்ந்த ஒரு குவளை 100 கலோரியை எட்டும். வயிறு நிறையாததால் அது நம் கணக்கிலேயே வருவதில்லை.

இரண்டு வாரம், தேநீரை இரண்டு வேளையாக்கி, சர்க்கரையில்லாமல் குடித்து, மற்ற நேரங்களில் தண்ணீரோ உப்புக் குறைத்த நீர்மோரோ அருந்திப் பாருங்கள். காலையில் வெறும் வயிற்றில், ஒரே எடைக் கருவியில் எடை பாருங்கள்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராயின், மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைக்க வேண்டாம். இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடக்கூடும்.