கேள்வி – பதில்: இரவல் கருமபீடத்துக்கு அப்பால்

கேள்வி: வன்னியிலுள்ள உயர்கல்வி நிறுவனமொன்றில் நூலக உதவியாளராகப் பணியாற்றுகிறேன், கலைமாணிப் பட்டம் பெற்றவள். நூல்களைக் கொடுத்து வாங்குவதுடன் என் நாள் முடிந்துவிடுகிறது. ஆய்வுக்குத் துணைநிற்கக்கூடியவர்களாக விரிவுரையாளர்கள் எங்களைக் கருதுவதில்லை. இத்துறையில் முன்னேற வழி உண்டா?
– வாசகி, கிளிநொச்சி.

பதில்: தகைமை பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் உதவி நூலகர் என்பது கல்விசார் பதவி. அந்த நிலையை எட்ட விரும்பினால் நூலகவியற் கல்வி வேண்டும். 1960இல் தொடங்கப்பட்ட இலங்கை நூலகச் சங்கத்தின் டிப்ளோமா, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவகத்தின் பட்டப்பின் கற்கைகள் ஆகியவற்றுக்கான விண்ணப்ப அறிவித்தல்களைத் தவறவிடாதீர்கள். படித்து முடித்தாலும் வெற்றிடம் ஏற்படும்வரை காத்திருக்க நேரலாம் என்பது எனக்கும் வருத்தமே.

ஆயினும் விரிவுரையாளர்களின் எண்ணம் மாறுவதற்குச் சான்றிதழ் வரும்வரை பொறுத்திருக்க வேண்டியதில்லை. இரணைமடுக் குளத்தைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று இறுதியாண்டு மாணவர் ஒருவர் கேட்டால், இறாக்கையைக் கைகாட்டி அனுப்பிவிடாமல், காலபோகமா சிறுபோகமா, வாய்க்கால் நீர்ப்பங்கீடா நன்னீர் மீன்பிடியா, எந்த ஆண்டுகளின் தரவு வேண்டும் என்று விசாரியுங்கள். அவர் உண்மையில் தேடுவது, சிறுபோகத்தில் கடைமடை வயல்களுக்கு நீர் எட்டாமற்போவது பற்றிய ஆய்வுகளை என்பது அப்போதுதான் அவருக்கே தெளிவாகும். பின்னர் உலக உணவு, விவசாய நிறுவனம் விவசாய ஆய்வுகளுக்காக நடத்தும் அக்ரிஸ் தரவுத்தளத்தில் எந்தச் சொற்களை இட்டுத் தேடுவது என்று பக்கத்திலிருந்து காட்டுங்கள், அதற்குக் கட்டணமில்லை. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியல் விதிகள் ஐந்தில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துமாறு கூறுவது இத்தகைய பணியைத்தான்.

இன்னொன்று, எனக்கு மிக முக்கியமாகப் படுவது: போரிலும் இடப்பெயர்விலும் வன்னி இழந்த ஏடுகளும் பதிவுகளும் ஏராளம் என்பதால், இம்மண்ணின் குளங்களையும் காடுகளையும் மீள்குடியேற்றத்தையும் பற்றி மாணவர்கள் எழுதும் ஆய்வேடுகள் அலுமாரிகளுக்குள் முடங்கிவிடக் கூடாது. எழுதியவரின் அனுமதியுடன் அவற்றை டிஸ்பேஸ் என்ற இலவச மென்பொருளில் எண்ணிம வடிவில் சேர்க்கலாமென்று உங்கள் நூலகரிடம் முன்மொழியுங்கள். ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் ஊர், குளம், பயிர் ஆகியவற்றின் பெயர்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும், எல்லாப் பதிவுகளிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இடுவதற்கு உங்களைப் போல் இப்பிரதேசத்தை அறிந்தவர் தேவை.

முதலில் ஒரே ஒரு மேற்பார்வையாளரை அணுகி, அவருடைய மாணவர்கள் ஆய்வுத் தலைப்பைத் தெரிவு செய்யும் வாரத்தில் அரை மணிநேரம் கேட்டுப் பெறுங்கள். அன்று அவர்கள் கேட்கும் கேள்விகளையும் நீங்கள் தேடிக் கொடுத்தவற்றையும் குறித்து வையுங்கள்; நேர்முகத் தேர்வில் உங்கள் பணியை விளக்குவதற்கு அக்குறிப்புகள் உதவும்.