கேளுங்கள் சொல்கிறோம்: எனக்கு மட்டும் ஓடும் ஹூக்

கேள்வி: ஐந்து பேர் ஒரே ரெப்போவில் ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறோம். கமிட் போடும்போது கோடில் தப்பு பார்க்கும் ஈஎஸ்லின்ட் தானாக ஓடட்டும் என்று ப்ரீ-கமிட் ஹூக் (கமிட்டுக்கு முன் கிட் ஓட்டும் ஸ்கிரிப்ட்) எழுதி வைத்தேன். என் லேப்டாப்பில் ஓடுகிறது, மற்ற நால்வருக்கும் ஓடவில்லை. எல்லாவற்றையும் புஷ் செய்துவிட்டேனே?

பதில்: கோடு போயிருக்கிறது, ஹூக் போகவில்லை. அது டாட்-கிட் ஃபோல்டருக்குள் உட்கார்ந்திருக்கிறது. அங்கே இருக்கும் ஹூக்கை கிட் கமிட்டில் சேர்க்காது, க்ளோன் செய்பவருக்கும் கொடுக்காது. அதுவும் நல்லதுக்குத்தான், யாரோ ஒருவருடைய ரெப்போவை நாம் க்ளோன் செய்துவிட்டு ஒரு கமிட் போட்டால் அவர் எழுதிய ஸ்கிரிப்ட் நம் மெஷினில் ஓடும் என்றால் யார் க்ளோன் செய்வார்கள்? (பேக்கேஜ்களை இறக்கும் என்பிஎம் இன்ஸ்டால் மட்டும் என்னவாம், அதுவும் அடுத்தவர் ஸ்கிரிப்டை ஓட்டுகிறதே என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. சரிதான், அந்த ஓட்டை வழியாகத்தான் நாமும் போகப்போகிறோம்.)

2016-ல் வந்த கிட் 2.9, ஹூக்குகளை வேறு ஃபோல்டரிலும் வைத்துக்கொள்ள ஒரு செட்டிங் கொடுத்தது. ஹஸ்கி என்ற பேக்கேஜ் அதைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. அதை இன்ஸ்டால் செய்து 'என்பிஎக்ஸ் ஹஸ்கி இனிட்' கொடுத்தால், டாட்-ஹஸ்கி ஃபோல்டரில் ஒரு ப்ரீ-கமிட் ஃபைலும் பேக்கேஜ்.ஜேசனில் 'ப்ரிப்பேர்' என்ற ஒரு வரியும் வந்துவிடும். இரண்டையும் கமிட் செய்யுங்கள். மற்றவர்கள் புல் செய்து ஒருமுறை என்பிஎம் இன்ஸ்டால் போட்டால் போதும், அந்த வரி தானாக ஓடி ஹூக்கை மாட்டிவிடும்.

கேள்வி: அப்படியே செய்தோம். இப்போது இரண்டு பேர் கமிட் கமாண்டோடு 'நோ-வெரிஃபை' ஆப்ஷன் போட்டு ஹூக்கைத் தாண்டிவிடுகிறார்கள். தடுக்க முடியுமா?

பதில்: முடியாது. ஏன் தாண்டுகிறார்கள் என்று கேளுங்கள். ஹஸ்கி எழுதிக் கொடுக்கும் ப்ரீ-கமிட் ஃபைலில் 'என்பிஎம் டெஸ்ட்' என்றுதான் இருக்கும், அதை அப்படியே விட்டுவைத்து ஒவ்வொரு கமிட்டுக்கும் மூன்று நிமிடம் காத்திருந்த குழுவில் நானும் இருந்திருக்கிறேன், முதலில் தாண்டியதே நான்தான். அந்த வரியை எடுத்துவிட்டு லின்ட்-ஸ்டேஜ்டு போடுங்கள். கமிட்டுக்காக 'கிட் ஆட்' செய்த ஃபைல்களை மட்டும் ஈஎஸ்லின்டுக்குக் கொடுக்கும், இரண்டு ஃபைல் மாற்றியவருக்கு இரண்டு ஃபைலோடு வேலை முடிந்தது. டெஸ்ட்டை, புஷ்ஷுக்கு முன் ஓடும் ப்ரீ-புஷ் ஹூக்குக்குத் தள்ளுங்கள். அப்புறம், கட்டாயம் நடக்க வேண்டிய செக் எதுவானாலும் சிஐ-யிலும் (புஷ் செய்த கோடை சர்வரில் தானாகச் சோதிக்கும் ஏற்பாடு) இருக்கட்டும், அங்கே நோ-வெரிஃபை எடுபடாது.

கேள்வி: கமிட் மெசேஜில் டிக்கெட் எண் இல்லாவிட்டால் நிறுத்த வேண்டும். ஷெல் ஸ்கிரிப்ட் வராது, ஜாவாஸ்கிரிப்டிலேயே எழுதலாமா?

பதில்: தாராளமாக. 'கமிட்-எம்எஸ்ஜி' ஹூக்குக்கு கிட் கொடுக்கும் முதல் ஆர்க்யுமென்ட், மெசேஜ் இருக்கும் ஃபைலின் பாதை. ஹூக்கிலிருந்து உங்கள் நோட் ஸ்கிரிப்டைக் கூப்பிட்டு அந்தப் பாதையைக் கொடுங்கள், ஃபைலைப் படித்து எண் இல்லையென்றால் ப்ராசஸ்.எக்ஸிட்(1). பூஜ்யம் தவிர எது வந்தாலும் கிட் கமிட்டை நிறுத்திவிடும். அதற்கு முந்தைய வரியில் என்ன தப்பு என்று ஒரு கன்சோல்.எரர் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் கமிட் ஏன் நின்றது என்று நாலு பேரும் உங்களைத்தான் வந்து கேட்பார்கள்.